அம்மன் தள்ளி நின்ற மாசி மகம்

எங்கள் பெரிய அத்தையிடம் ரகசியம் தங்காது. காலையில் அவள் காதில் விழுந்தது மதியத்துக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்காக யாரும் அவளைக் கோபித்துக்கொண்டதில்லை. நம்பி எதையும் சொன்னதுமில்லை. அப்படிப்பட்டவள் ஒரு மாதத்துக்கும் மேலாக ஒரு விஷயத்தை மூச்சுவிடாமல் காப்பாற்றினாள். வந்த வம்பெல்லாம் அதனால்தான் வந்தது.

கடலூரில் தேவனாம்பட்டினம் மணலை ஒட்டித்தான் எங்கள் வீடு. அப்பா போட்டில் மீன்பிடிக்கப் போவார். அவருடைய அக்காவான அத்தை, அடுத்த வீட்டில் தனியாக இருந்துகொண்டு கருவாடு போட்டு விற்றாள். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அம்மாவைவிட அத்தையிடம்தான் எனக்கு ஒட்டுதல் அதிகம். அவள் யாருக்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

மாசி மகத்தன்று சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் எங்கள் கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்துச் சாமிகள் டிராக்டரில் ஜோடித்துக்கொண்டு வரும். மீனவர் குப்பத்து அம்மன்கள் தோளில் வரும். வந்து எங்கே இறங்குகிறது என்பதில்தான் மானமே இருக்கிறது. சாலை முடிந்து மணல் தொடங்குகிற இடத்துக்கு நேராக, கடலைப் பார்த்தபடி ஒரு மேடு உண்டு. அங்கே இறங்கும் அம்மனுக்குத்தான் முதல் தீர்த்தம். அது எங்கள் அம்மனுடைய இடம். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கரைக் குப்பத்தார் அது தங்களுடையது என்பார்கள். நான் பிறப்பதற்கு முன்பு இதற்காகத் துடுப்பால் அடித்துக்கொண்டு, மண்டைகள் உடைந்து, போலீஸ் வந்து, கடைசியில் எங்களுக்கே என்று முடிவாகியிருக்கிறது. அப்பா அந்தச் சண்டையில் முன்பல் ஒன்றைப் பறிகொடுத்தவர். அம்மனை மேட்டில் இறக்கிவைத்துவிட்டு நிமிரும்போது மட்டும் அந்த ஓட்டை தெரிய வாய்விட்டுச் சிரிப்பார். எனக்கு அதைப் பார்ப்பதுதான் திருவிழா.

இரண்டு குப்பத்து அம்மன்களும் அக்கா தங்கை என்பது வேறு விஷயம். அக்கரையில் இருப்பவள் மூத்தவள். சாமிகளுக்குள் சண்டை இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த வருஷம் தை மாதத்தில், பங்குனி ஆமை என்று நாங்கள் சொல்கிற கடலாமை ஒன்று வந்து, கரை முழுக்க மணல் கிடக்க, சரியாக அந்த மேட்டில் குழி பறித்து முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கிறது. விடிந்ததும் முதல் ஆளாகக் கரைக்குப் போன அத்தை அதைப் பார்த்திருக்கிறாள். வேறு எந்தச் செய்தியாக இருந்தாலும் கத்திக்கொண்டே ஓடிவந்திருப்பாள். ஆனால் சொன்னால் நாய் தோண்டுவதற்குள் மனுஷன் தோண்டுவான் என்று அவளுக்குத் தெரியும். சிலர் தின்பதற்குத் தோண்டுவார்கள். கரையேறிய ஆமை குப்பத்துக்கு ஆகாது என்று சிலர் தோண்டிப் போடுவார்கள். அதனால் ஆமையின் தடத்தைக் காலாலேயே கலைத்தாள். பக்கத்தில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டுக் காவல் உட்கார்ந்துவிட்டாள். இருட்டினால் குழியின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் கல்லை ஏற்றிவைத்துவிட்டு வருவாள். புதிதாக இங்கே என்ன என்று கேட்டவர்களிடம், இங்கேதான் காற்று நன்றாக வருகிறது என்றாள்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலை, பந்தல் போட மூங்கிலோடு வந்த இளவட்டங்கள் பாயை எடுக்கச் சொன்னபோது குட்டு உடைந்தது. பக்கத்தில் ஆமை முட்டை இருப்பதைச் சொல்லி, அத்தை எழுந்திருக்க மறுத்துவிட்டாள்.

ஆமைக்கார அண்ணனைக் கூட்டிவந்தார்கள். சிதம்பரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டு, ஆமை வருகிற மாதங்களில் மட்டும் வனத்துறை ஆட்களோடு எங்கள் கரையில் நடந்து முட்டை தேடுபவர் அவர். தேடி எடுத்த முட்டைகளை வேலிபோட்ட ஓர் இடத்தில் புதைத்துவைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுவார்கள். அவர் மண்டியிட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். முட்டையிட்ட அன்றே சொல்லியிருந்தால் பத்திரமாக எடுத்துப் போயிருப்பாராம். இப்போது உள்ளே குஞ்சு பாதி வளர்ந்திருக்கும், அசைத்தால் பிழைக்காது என்றார். அத்தை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாயை அடக்கியிருக்கிறாள், அது இப்படி ஆகிவிட்டது.

மதியம் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் கூடியது. அந்த வருஷம் அம்மனைத் தூக்கும் மரத்தண்டுகளில் முன்தண்டு அப்பாவின் தோளுக்கு வந்திருந்தது. முன்தண்டு பிடிப்பவர் கால்வைத்த பக்கம்தான் அம்மன் போகும். மற்றவர்கள் பின்னால் போகவேண்டியதுதான். அதனால் எல்லோரும் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசினார்கள். பாவம்தான், ஆனால் என்ன செய்வது என்றார்கள். அம்மனைக் கொஞ்சம் தள்ளி இறக்கலாமே என்று ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார். இறக்கலாம், அடுத்த நிமிஷம் அக்கரைக்காரன் மேட்டில் ஏறி நிற்பான், முட்டையும் போகும் இடமும் போகும் என்றார் அப்பா.

கூட்டத்தில் பெண்கள் பேசுகிற வழக்கமில்லை. அத்தை ஓரத்திலிருந்து பேசினாள்.

“தம்பி, அவ தாயிடா. இன்னொரு தாய் வுட்டுட்டுப் போன புள்ளைங்க மேல ஏறி நின்னா தீர்த்தம் ஆடுவா?”

அப்பா திரும்பிப் பார்க்காமலே அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அத்தை வீட்டுக்குத்தான் போனாள். முகம் கழுவி, கல்யாணங்களுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் வைத்து, அதை என் கையில் கொடுத்தாள். நாங்கள் அக்கரைக்குப் போகிறோம் என்பது படகில் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சண்டைக்குப் பிறகு எங்கள் குப்பத்து ஆட்கள் யாரும் அங்கே கால்வைத்ததில்லை. யாராவது துடுப்போடு ஓடிவருவார்கள் என்று கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அங்கேயும் கோயிலில் அம்மனுக்கு ஜோடனை நடந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்தார்கள். அத்தை அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாமியிடம் முறையிட வந்தவளை, அவள் எந்த ஊர்க்காரியாக இருந்தாலும், யாரும் தடுக்கக் கூடாது. அதை நம்பித்தான் அவள் வந்திருந்தாள். தட்டை அம்மன் முன்னால் வைக்கச் சொல்லிவிட்டு, தெருவில் கருவாடு விற்கிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

“அக்காக்காரி, நல்லா கேட்டுக்க. உன் தங்கச்சி எடத்துல ஒரு ஆமை முட்ட வுட்டுட்டுப் போயிருக்கு. நாளைக்கு உன் தங்கச்சி அந்த மேட்டுல ஏற மாட்டா, தள்ளித்தான் நிப்பா. நீயும் ஏறாத. உங்கிட்டதான் சொல்றேன், இந்த ஆம்பளைங்ககிட்ட இல்ல.”

அந்த ஆம்பளைகள் எல்லோரும் நின்று கேட்டார்கள். பூசாரி எங்களுக்குத் திருநீறு கொடுத்தார். பெரிய மனுஷர் போலிருந்த ஒருவர், எனக்கு ஒரு சோடா வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். ஏறுவோம் என்றும் சொல்லவில்லை, ஏறமாட்டோம் என்றும் சொல்லவில்லை. பயத்தில் இருந்தாலும் சோடாவை நான் மிச்சம் வைக்கவில்லை.

நாங்கள் கரை திரும்புவதற்குள் செய்தி போனில் வந்து சேர்ந்துவிட்டது. அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். அம்மன் தள்ளி நிற்பாள் என்று வாக்குக் கொடுக்க நீ யார் என்று கேட்டார். அத்தையிடம் அவர் குரல் உயர்ந்து நான் அதுவரை கேட்டதில்லை. அத்தை அசையவில்லை.

“சாமி முன்னாடி சொல்லிட்டேன். நாளைக்கு நீ மேட்டுல எறக்குனா, உன் அக்கா சாமிகிட்டயே பொய் சொன்னவ. அப்புறம் உன் இஷ்டம்.”

அன்று அப்பா சாப்பிடவில்லை. சொந்த போட்டு இல்லாதவர், கல்வீடு கட்டாதவர். குப்பத்தில் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்தது அந்த மேடு ஒன்றுதான். அதை விட்டால் இடத்தைத் தோற்றவன் என்ற பெயர் காலத்துக்கும் நிற்கும். விடாவிட்டால் கூடப்பிறந்தவள் சாமியிடம் பொய் சொன்னவள் ஆவாள். எனக்கு மட்டும் சந்தேகமே இல்லை, அப்பா மேட்டில்தான் இறக்குவார். அத்தை எவ்வளவு பிரியமானவளாக இருந்தாலும், இந்த விஷயத்தில் நான் அப்பா கட்சி.

மறுநாள் மேட்டைச் சுற்றி நான்கு துடுப்புகளை நட்டு, பழைய வலையை வேலியாகக் கட்டி, அத்தை அதன் முன்னால் நின்றுகொண்டாள். மேளம் கேட்டது. எங்கள் அம்மன் பூவும் பட்டுமாகச் சாலை முனைக்கு வந்தாள். பின்னாலிருந்த இளவட்டங்கள் மேட்டுக்குப் போகச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அப்பா நின்றுவிட்டார். வியர்வை வழிந்த முகத்தோடு மேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அத்தை வேலித் துடுப்பைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். கூட்டம் பொறுமை இழந்து தள்ளத் தொடங்கியபோது அப்பா வடக்குப் பக்கம் காலை எடுத்து வைத்தார்.

பின்னாலிருந்த சிலர் நகர மறுத்து ஊன்றி நின்றார்கள். பாரம் முழுவதும் முன்னால் சாய்ந்து அவர் தோளில் இறங்கியது. அப்பா தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய இழுத்தார். எங்கே சாய்ந்துவிடுமோ என்று பயந்து மற்றவர்களும் நடந்தார்கள். மேட்டுக்கு வடக்கே, யாரும் எப்போதும் நிற்காத ஓர் இடத்தில் அம்மனை இறக்கிவைத்தார். நிமிர்ந்தபோது அவர் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கரை அம்மன் வந்தாள். மேடு காலியாக இருந்தது. தடுக்க நாதியில்லை, அத்தை ஒருத்தியைத் தவிர. அவர்களும் சாலை முனையில் நின்றார்கள். முன்தண்டு பிடித்திருந்தவர் வலையைப் பார்த்தார், தள்ளி நின்ற எங்கள் அம்மனைப் பார்த்தார். பிறகு தெற்கே திரும்பி நடந்து, மேட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் அம்மனுக்கு நேர் வரிசையில் இறக்கினார். அடுத்தடுத்து வந்த சாமிகள் இந்த இரண்டையும் பார்த்து, காரணம் கேட்காமலே ஒதுங்கி நின்றன. அக்காவும் தங்கையும் சேர்ந்தே தீர்த்தம் ஆடினார்கள். கூட்டத்தில் பலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அழுதேன். எங்கள் இடமும் போய், அக்கரைக்காரர்களும் அதை எடுத்துக்கொள்ளாமல், இப்படி யாருக்கும் இல்லாமல் செய்துவிட்டார்களே என்று ஆத்திரமாக இருந்தது.

குஞ்சுகள் சில வாரம் கழித்து வெளியே வந்தன. எல்லா முட்டையும் பொரிக்கவில்லை. பொரித்தவை கடலுக்குப் போவதைப் பார்க்க இரண்டு குப்பத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இன்றைக்கும் மாசி மகத்தன்று அந்த மேட்டில், ஆமை வந்தாலும் வராவிட்டாலும், எந்தச் சாமியும் இறங்குவதில்லை. ஆமைத் தடம் பார்த்தவர்கள் மறைக்காமல் உடனே சொல்லவேண்டும் என்று தை பிறந்ததும் இரண்டு கோயில் மைக்கிலும் சொல்கிறார்கள். அத்தைக்கு மட்டும் அந்த அறிவிப்பு பிடிக்காது.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தத் திருவிழா நாளின் மாலைதான். அப்பாவின் தோள் கன்றிப்போய் வீங்கியிருந்தது. அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். குப்பத்தில் பேசியதெல்லாம் எங்கள் வீட்டுக்குள்ளும் கேட்டது. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நாள் முழுக்க நெஞ்சை அடைத்ததைக் கேட்டேன்.

“நம்ம தோத்துட்டமாப்பா?”

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. “மேட்டுல கட்டுன வல அவுந்துராம இருக்குதான்னு பாத்துட்டு வா. நாய் வந்துரப் போவுது” என்றார்.

நான் கேட்டது என்ன, இவர் சொல்வது என்ன என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கரைக்குப் போனேன். அவர் எனக்குப் பதில் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.