மலையேற ஒரு மூச்சு

அந்த வருஷத்துச் சாரல் எங்கள் வீட்டில் டீசல் வாசனையோடு இறங்கியது. மேலகரத்தில் காற்று மலைப்பக்கமிருந்து திரும்பிவிட்டால் துணி காயாது, விறகு காயாது, மனசும் கொஞ்சம் நமுத்துத்தான் கிடக்கும். வாசலில் கட்டிய தார்ப்பாய்க்கு அடியில் எங்கள் வெள்ளை அம்பாசிடர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு மாமா நின்றார். அம்மாவின் தம்பி. சிவகிரியில் லாரி பட்டறையில் வேலை.

அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். ரயில் கூட்டத்தில் அவளுக்கு மூச்சு முட்டும் என்பதால் காரில்தான் போக வேண்டும். ஆனால் போன தடவை செங்கோட்டை தாண்டி மலையேறும்போது, பாதி வளைவில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடிக்க, அம்மா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த நாளிலிருந்து, ஒன்பது வயதில், வீட்டில் யார் பெருமூச்சு விட்டாலும் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

இஞ்சினை ஒழுங்குபண்ணிக் கொடு என்றுதான் அப்பா கேட்டார். மாமாவோ விபத்தில் நொறுங்கிய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய டர்போவைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். இரும்பில் செய்த பெரிய நத்தை மாதிரி இருந்தது. அந்த நாளில் லாரிகளிலேயே அது புதுசு.

"ஏலே, பறக்கிறதுக்கு முன்னால சொல்லிரு. நான் கூரை ஓட்டைப் பிரிச்சு வச்சுக்கிடுதேன்" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி.

மாமா சிரிக்கவில்லை. ஜன்னலோரம் சாய்ந்திருந்த அம்மாவுக்கு விளக்கினார்: "வெளிய போற புகை இந்தச் சக்கரத்தைச் சுத்தும். இது அந்தச் சக்கரத்தைச் சுத்திக் காத்தை உள்ள தள்ளும். வண்டிக்கு மூச்சு பத்தலக்கா, அம்புட்டுதான்."

"எனக்கும் ஒண்ணு மாட்டிவிடேம்லே" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அம்மா மலையைப் பார்த்தாள். மேகம் இறங்கி மலையைக் காணோம். "குத்தாலத்துல தண்ணி விழ ஆரம்பிச்சிட்டாம்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

புகைக்குழாயை அறுத்து, நத்தையைப் பொருத்தி, இஞ்சினிலிருந்து அதற்கு ஆயில் போக ஒரு மெல்லிய குழாயும் இழுத்தார் மாமா. முதல் தடவை ஸ்டார்ட் பண்ணியபோது ஒரு விசில் கிளம்பி, மெல்லக் கூர்மையாகி, என் பல்லுக்குள் போய் நின்றது. வெடித்துவிடும் என்று நான் காதைப் பொத்தினேன். வெடிக்கவில்லை என்பது இன்னும் பயமாக இருந்தது. இனி எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாமே.

மாமா ஒரே ஒரு சட்டம் போட்டார். "மலை ஏறி நின்னதும் படக்குன்னு ஆஃப் பண்ணிரப்பிடாது. நின்ன எடத்துலயே கொஞ்ச நேரம் ஓடணும். ஆயில் நின்னுட்டுன்னா உள்ள இருக்க தண்டு சூட்டுலயே வெந்துரும்." அப்பாவிடம் சொன்னார். அம்மாவிடம் சொன்னார். ரசம் ஊற்றிக்கொண்டே என்னிடமும் சொன்னார்.

சிக்கல் அங்கேதான் வந்தது. கணவாய் உச்சியில் காவல்சாமி இருக்கிறார். அவர் முன்னால் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, தேங்காய் உடைக்காமல் எங்கள் பக்கத்து ஆள் யாரும் மலை தாண்டியதில்லை.

"சாமி மூஞ்சியில புகைய விட்டுக்கிட்டு நிக்கச் சொல்லுதியா மாப்ள?" அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சாமி பொறுத்துக்கிடும் அத்தான். டர்போ பொறுக்காது."

ரெண்டு நாள் பேச்சுவார்த்தை. கடைசியில் புகைக்குழாய் சாமிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி வண்டியை நிறுத்துவது, இஞ்சின் ஓடட்டும் என்று அரை மனதாக முடிவானது.

புறப்பட்ட அன்று அப்பா ஓட்டினார். முன் சீட்டில் அம்மா. பின்னால் மாமாவும் நானும், ஆஸ்பத்திரிப் பையும். வளைவுகள் ஆரம்பித்ததும் விசில் வந்தது. நான் ஒரு காதால் விசிலையும் இன்னொரு காதால் அம்மாவின் மூச்சையும் கேட்டுக்கொண்டே வந்தேன். இரண்டில் எது அறுந்தாலும் நாங்கள் அவ்வளவுதான். வண்டி நிற்கவில்லை. கொதிக்கவில்லை. மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்றை ஏற்றத்திலேயே முந்தினோம். "பாத்தீங்களா அத்தான்!" என்று மாமா சீட்டில் தட்டினார். அப்பாகூடச் சிரித்தார். அம்மா மட்டும் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உச்சியில் சொன்னபடியே நிறுத்தினார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா தேங்காயோடு முன்னால் போனார், அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனார். இரண்டு முதுகுகளும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன.

அப்போது அம்மாவின் கை நீண்டது. டீசல் வண்டியை அணைக்க இழுக்கும் குமிழைப் பிடித்து, அவசரமில்லாமல், முழுசாக இழுத்தது. பிறகு மடிக்குத் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டது.

மலை சட்டென்று அமைதியானது.

மாமா தேங்காயோடு திரும்பினார். "அத்தான், ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"நான் எங்கலே பண்ணுனேன்? ஒன் வண்டி தானா நின்னுட்டு!"

அம்மா கண்ணை மூடியிருந்தாள். கும்பிடுகிற பழக்கத்தில் தெரியாமல் அணைத்துவிட்டாள் என்று நினைத்தேன். சொன்னால் அவளைத் திட்டுவார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

திரும்ப ஸ்டார்ட் பண்ணியபோது விசில் இல்லை, அரைக்கிற சத்தம். நீலப்புகை. கீழே சொட்டுச் சொட்டாக ஆயில். மாமா ரோட்டிலேயே குந்திவிட்டார். கேரளாப் பக்கம் போகும் ஏதாவது வண்டியில் ஏறிவிடலாம் என்று அப்பா கைகாட்டப் போனபோதுதான் அம்மா பேசினாள்.

"சாமிக்கு நேரா வண்டி நின்னுட்டுங்க. உத்தரவில்லன்னுதான அர்த்தம்? வேற தேதி கேப்போம்."

அப்பா எதற்கும் வாதாடுவார். இது சாமி உத்தரவாயிற்றே. நீட்டிய கை கீழே இறங்கியது.

மாமாவை வண்டியோடு விட்டுவிட்டு, இறங்கி வந்த வாடகை ஜீப் ஒன்றில் மூவரும் திரும்பினோம். அப்பா வழியெல்லாம் மாமாவைத் திட்டினார். குற்றாலத்தில் அம்மா டிரைவரிடம், "அண்ணே, இங்கன கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். குளிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் குளிக்கவில்லை. அருவி தெறிக்கிற தூரத்தில் போய் நின்றாள். முகம் நனைந்தது, முந்தானை நனைந்தது. எல்லாம் கெட்டுப்போன அந்த நாளில் அவள் ஒருத்திதான் சிரித்தாள். எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

சீசன் முடிந்து வேறு தேதி வந்தது. கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டு ரயிலிலேயே போனாள், மார்பில் நீளத் தழும்போடு திரும்பி வந்தாள். இன்றைக்கும் தீபாவளிக்கு எல்லோரும் கூடினால், அன்று இஞ்சினை அணைத்தது யார் என்று அப்பாவும் மாமாவும் ஆரம்பிக்கிறார்கள். "மாட்டுனவன் சரியா மாட்டல." "ஓட்டுனவரு சரியா ஓட்டல." அம்மா இருவர் இலையிலும் இன்னொரு வடையை வைத்துவிட்டு உள்ளே போகிறாள்.

அருவிக்கரையில் அன்று அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். விரல் பதிந்து சிவக்கிற அளவுக்கு, ஜீப் ஹாரன் அடித்தும் விடாமல். பாறை வழுக்கும், நான் விழுந்துவிடக் கூடாது என்றுதான் பிடித்திருக்கிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.