மூடிய வாளியில் பிழைத்தவை

இன்று காலை பிள்ளைச்சாவடி கடற்கரையில் பிடித்த நான்கு மடவை மீன்களையும் இரண்டு சொறிகளையும் ஒரே வாளியில் போட்டு, கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோகப் பஸ் ஏறினேன். சொறி என்றால் கடலில் குடை போல விரிந்து மிதக்குமே, அந்த ஜெல்லி மீன்.

"தண்ணி சிந்துச்சுன்னா எறக்கி வுட்டுடுவேன்" என்றார் கண்டக்டர். பயந்துபோய் மூடியை இறுக்கி அழுத்தினேன். படிப்பது என்னவோ விலங்கியல்; உள்ளே மீனுக்குக் காற்று வேண்டும் என்பது மறந்துவிட்டது.

வழியெல்லாம் நெரிசல். பஸ் ஸ்டாண்டில் திறந்து பார்த்தால், மடவை நான்கும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. சொறிகள் இரண்டும் எதுவுமே நடக்காதது போல விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன.

பக்கத்து சீட்டு மீன்கார அக்கா எட்டிப் பார்த்தார். "இது மட்டும் எப்புடி சாவல?"

"அதுக்குக் கொஞ்சம் ஆக்சிஜன் இருந்தா போதும்க்கா. தலைமுறை தலைமுறையா அதோட மரபணுவே அப்படி மாறியிருக்கான்னுதான் பாக்குறோம்."

"எங்க வூட்டுக்காரரு வலையிலயும் இப்பல்லாம் இதான் ஏறுது. கடல்லயும் காத்து கொறைஞ்சிபோச்சா?"

சாக்கடை கலக்கும் இடத்தில் போன வாரம் நாங்கள் எடுத்த ஆக்சிஜன் அளவு நினைவுக்கு வந்தது. "கரையோரமா கொறைஞ்சிட்டுதான் வருதுக்கா" என்றேன்.

அவர் வாளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத தின்னலாமா?"

"இங்க யாரும் தின்றதில்லக்கா."

"அப்ப நான் கூடையில எத்த வச்சி விக்கிறது?"

வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

சொறிக் குழம்பு வைக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், செய்முறையை இப்போதே கீழே எழுதிவிடுங்கள்.