கால்வாயும் வாய்க்காலும்

நான் வரலாறு படிப்பிக்கிறேன். சுவிஸில், ஓல்டனுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நைல், யூப்ரட்டீஸ், சிந்து, மஞ்சள் ஆறு என்று கரும்பலகையில் நான்கு கோடு இழுத்துக் காட்டுவேன். பாடப்புத்தகம் இந்த ஆற்றங்கரைகளை நாகரிகத்தின் தொட்டில் என்கிறது. அந்தச் சொல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஆறு பெருகியது, வண்டல் படிந்தது, தானியம் மிஞ்சியது, நகரம் எழுந்தது என்று நான்கு வரியில் கதையை முடித்துவிடுவார்கள். இடுப்பளவு சேற்றில் நின்று மண் வெட்டியவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அவர்கள் செத்தது மிச்சத் தானியத்தோடு சேர்ந்து எங்கேயோ போய்விட்டது.

இந்தப் பாடத்தை நான் முதன்முதலில் ஒரு சபைக்குச் சொன்னது என் பன்னிரண்டாவது வயதில், 2009இல். இரண்டாவது வரிசையில் அம்மா இருந்தார். அவரை நோகடிக்க வேண்டும் என்பதற்காகவே அன்று பேசினேன். நன்றாகவும் பேசினேன்.

அந்த வருடம் மே மாதம் ஊரில் போர் முடிந்தது. அம்மாவின் ஒரே தங்கை, என் சின்னம்மா, வன்னியில் இருந்தார். கடைசியாகக் கதைத்தது ஜனவரியில். சனம் கடைசியாகப் போய் ஒதுங்கிய கடற்கரைத் துண்டின் பெயர் ‘வாய்க்கால்’ என்று முடியும். சுவிஸில் தமிழர் வீடுகள் எல்லாவற்றிலும் அந்தப் பெயரைச் சொல்லி அழுதார்கள். எங்கள் வீட்டில் அதைச் சொல்லக் கூடாது. தொலைக்காட்சியில் வந்தால் அம்மா சத்தத்தைக் குறைப்பார். வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னால் தேத்தண்ணி போட எழும்பிவிடுவார். சொல்லாமல் இருக்கும்வரை சின்னம்மா அங்கே போகவில்லை, ஏதோ ஒரு முகாமில் தொலைபேசிக்கு வரிசையில் நிற்கிறார். அம்மா பிடித்துக்கொண்டிருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

சின்னம்மாவுக்குப் பாடமான இலக்கம் எங்கள் வீட்டு இலக்கம் ஒன்றுதான். ஆகவே அந்த இணைப்பு எப்போதும் சும்மா கிடக்க வேண்டும். உறவுக்காரர் எடுத்தால் அம்மா அரை நிமிடத்தில் வைத்துவிடுவார். என் சிநேகிதி எடுத்தால் அந்த அரை நிமிடமும் கிடையாது. அம்மா முதியோர் இல்லமொன்றில் சலவைப் பகுதியில் வேலை. அப்பா பொதிகள் பிரிக்கும் கிடங்கில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொலைபேசிக்குக் காவல் நான்தான்.

செப்டம்பரில் லாகர் வந்தது. வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு கிழமை மலையில் போய்த் தங்குவார்கள். யார் யாரோடு ஒரே அறை என்றெல்லாம் கோடைக்கு முன்பே முடிவாகியிருந்தது.

“நீ போனா பின்னேரத்தில ஆர் போன் எடுக்கிறது?” என்றார் அம்மா.

“ஒரு கிழமைதானே அம்மா.”

“அந்த ஒரு கிழமைக்குள்ள அவள் எடுத்தா?”

நான் போகவில்லை. அந்தக் கிழமை முழுக்க என்னைக் கீழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு இருத்தினார்கள். பின்னேரங்களில் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். ஒரே ஒரு தடவை அடித்தது. காப்புறுதி விற்கிறவன். செத்திருந்தால் யாராவது எடுத்து அதையாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று சின்னம்மாவை நினைத்துக் கறுவினேன். இதை இப்போது பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பேச்சுப் போட்டிக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு ‘ஆற்றங்கரை நாகரிகங்கள்’. எங்கள் பேச்சுப் போட்டிகளின் ஒழுங்கு எல்லாருக்கும் தெரியும். பெரியவர்கள் எழுதுவார்கள், பிள்ளைகள் பாடமாக்குவார்கள், எந்த வரியில் எந்தக் கையைத் தூக்குவது என்றுகூட ஓரத்தில் குறித்திருக்கும். வகுப்பு ஆசிரியர் இரண்டு பக்கம் எழுதித் தந்தார். எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து. அம்மா வேலையால் வந்து, குளிக்காமல்கூட, அதைப் பெரிய எழுத்தில் ஒரு கொப்பியில் பிரதி பண்ணித் தந்தார்.

நான் உரத்துப் படிக்கிறதைக் கேட்டு அப்பா சிரித்தார். “யாழ்ப்பாணத்தில ஒரு உருப்படியான ஆறு இருக்கோ? எல்லாம் கிணறு. அப்ப நாங்கள் நாகரிகம் இல்லாத சனமோ?” அந்த வருடம் அவர் விட்ட பகிடிகள் மிகக் குறைவு. அம்மாவும் கொஞ்சம் சிரித்தார்.

அந்தக் கொப்பியில் ‘கால்வாய்’ என்ற சொல் அடிக்கடி வந்தது. மனிதன் ஆற்று நீரைக் கால்வாய் வெட்டித் திருப்பினான், கால்வாய் வழியே நாகரிகம் ஓடிவந்தது, இப்படி. ஒரு நாள் ஆசிரியரின் தாள் கையில் அகப்பட்டது. அவர் எழுதியிருந்தது ‘வாய்க்கால்’. பதினொரு இடம். பதினொரு இடத்திலும் அம்மா சொல்லைத் திருப்பிப் போட்டிருந்தார். பிழை போகாமல், ஒன்றையும் தவற விடாமல். வீட்டில் சொல்லக் கூடாத சொல்லை எழுதக்கூட அவருக்குக் கை வரவில்லை.

எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்கிறது என்றுதான் தோன்றியது. இங்கே பிறந்த பிள்ளைகள் நாங்கள் தமிழ்ச் சொற்களை முன்பின்னாக மாற்றிப் போடுவது வழக்கம். இந்த இரண்டு சொல்லையும் மாற்றிச் சொன்னால் ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள்.

நவம்பரில் வின்டர்தூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டி நடந்தது. அவைக்கு வணக்கம் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தேன். பிரதி பண்ணியதிலும் நான் படிக்கப் படிக்கக் கேட்டதிலும் அவருக்கும் பேச்சு பாடமாகியிருந்தது. நான் பேசப் பேச, சத்தமில்லாமல் அவரும் உதட்டை அசைத்துக்கொண்டு வந்தார். நான் தடுமாறினால் எடுத்துக் கொடுக்கத் தயாராக இருந்தார்.

முதலாவது ‘வாய்க்கால்’ வந்தபோது அந்த உதடு நின்றது. பிள்ளை மாற்றிச் சொல்லிவிட்டது என்று நினைத்திருப்பார். உடனே திரும்ப அசையத் தொடங்கியது. இரண்டாவதில் அடியோடு நின்றுவிட்டது. மூன்றாவதில் கைப்பையைத் திறந்தார், மூடினார். நான் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லுக்கு முன் கொஞ்சம் நிறுத்தி, நிமிர்ந்து, அழுத்திச் சொன்னேன். வாய்க்கால் வெட்டினார்கள். வாய்க்காலில் உழைத்தார்கள். வாய்க்காலால் உலகம் உயர்ந்தது. மண்டபத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒரு நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல அணைவதை மேடையில் நின்று பார்த்தேன், ஆனாலும் நிறுத்தவில்லை.

முதல் பரிசு எனக்கு. ஊர் நிலைமையை இந்த வயதிலேயே உணர்ந்து பேசுகிறாள் என்று நடுவர் ஒலிவாங்கியில் சொன்னார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. வந்தவர் போனவரெல்லாம் அம்மாவின் கையைப் பிடித்து, பெத்த வயிறு குளிர்ந்திருக்கும் என்றார்கள். அம்மா ஓம், ஓம் என்று தலையாட்டினார்.

திரும்பி வரும்போது ரயிலில் என் மடியில் பரிசுக் கோப்பை. ஆராவ் தாண்டியதும் அம்மா கேட்டார்.

“நான் எழுதித் தந்தது பாடமாகேல்லையோ?”

“மாறி வந்திட்டுது அம்மா.”

“பதினொரு தரமுமோ?”

அவரும் எண்ணியிருக்கிறார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏசுவார், வீட்டுக்குப் போனதும் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். அவர் குனிந்து என் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டார். அது அவிழ்ந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே போய்த் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

“இந்தா பிள்ளை. உன்ர சிநேகிதியோட கதை.”

“அப்ப சின்னம்மா?”

“இனி நீ விரும்பின நேரம் கதைக்கலாம்” என்றார். குரலில் கோபமே இல்லை.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இலக்கத்தை அமத்தினேன். லாகரில் யார் அழுதது, யாருக்கு எந்தக் கட்டில், எந்தப் பொடியன் யாருக்குக் கடிதம் கொடுத்தான் என்று சிநேகிதி ஒன்றும் விடாமல் சொன்னாள். அம்மா அடுத்த அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். பத்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு மணித்தியாலம் முழுக்க, எங்கள் வீட்டு இலக்கத்துக்கு யார் எடுத்தாலும் கிடைத்திருக்காது.