செம்மண் குட்டையில் சங்கரா மீன்

போன வாரம் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு — 'பருவநிலை மாற்றமும் மானாவாரி விவசாயியும்'. தலைப்பைப் படித்ததுமே முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களை எழுப்புவதற்காக சித்ராவின் பண்ணைக்குட்டைக் கதையைச் சொன்னேன். அன்னவாசல் பக்கத்தில் ஒரு பெண், தன் நிலத்தில் குட்டை வெட்டினார், மழைத்தண்ணீரைப் பிடித்தார், கடலையைக் காப்பாற்றினார். சுபம். நல்ல கைத்தட்டல்.

மேடையில் சொன்னது பாதிதான். மீதியை மைக் முன்னால் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம். நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்தானே?

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, வானம் பார்த்த ஊர்களுக்குப் போய், மழைத்தண்ணீரை எப்படிப் பிடித்து வைப்பது என்று பேசிக்கொண்டு திரிகிறோம். பேசுவதில் என்ன கஷ்டம்? எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சித்ரா ஒருவர்தான் டீயும் கொடுத்து, "எப்பண்ணே வந்து தோண்டுவீங்க?" என்றும் கேட்டவர்.

காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் அவருடைய நிலக்கடலை, காய் பிடிக்கிற நேரத்தில் காய்ந்துபோனது. ஒரே ஒரு தண்ணீர் பாய்ச்சியிருந்தால் தப்பித்திருக்கும். எல்லாம் கருகி முடிந்த பிறகு பெய்தது பாருங்கள்... ஒரு பருவத்து மழை மொத்தமும் சேர்ந்து ஒரேயடியாகக் கொட்டிவிட்டு, வாய்க்கால் வழியே ஓடியே போய்விட்டது. இப்போதெல்லாம் நம் பக்கத்து மழைக்கு இதுதான் பழக்கம். கூப்பிட்டால் வராது. வந்தால் உட்காராது. உட்கார வைக்க ஒரு குழி வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் குழி தோண்ட நிலம் வேண்டுமே! சித்ராவின் கணவர் முருகேசன் குவைத்தில் டிரைவர். நிலம் அவருடைய அப்பா பாடுபட்டு வாங்கியது. விளைகிற மண்ணில் யாராவது பள்ளம் பறிப்பார்களா என்று வீடியோ காலில் பல நாள் வாக்குவாதம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். தீபாவளிக்குள் குட்டையில் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மூடிவிட வேண்டும். ஜேசிபி வைத்திருப்பவர் அவருடைய பள்ளிக்கூடக் கூட்டாளி. குவைத்திலிருந்து ஒரு போன் போட்டால் போதும், குழி இருந்த இடம் தெரியாது.

அடியில் களிமண் தட்டுகிற இடமாகப் பார்த்து வெட்டினோம். கரை கட்டினோம். வரப்பெல்லாம் சரிபார்த்து, தண்ணீர் வந்து விழ வழி வைத்தோம். விருந்தாளியைத் தவிர எல்லாம் தயார்.

ஆடி போச்சு, ஆவணி போச்சு, புரட்டாசியும் போச்சு. குட்டைக்குள் ஊர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து வெளியே போவதில்லையாம். ரொம்ப வசதியான கிரவுண்ட் என்று என்னிடமே நன்றி சொன்னார்கள்.

தீபாவளியும் வந்தது. பலகாரத்தோடு சித்ரா வீட்டுக்குப் போயிருந்தேன். சரியாக அந்த நேரத்தில் முருகேசனின் வீடியோ கால். வாழ்த்தெல்லாம் முடிந்ததும், குட்டையைக் காட்டு என்றார். சித்ராவின் முகம் சுண்டிப்போனது. இதோ நடந்து போய்க் காட்டுகிறேன் என்று போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, வண்டிய எடுங்க."

எடுத்தேன். நிலத்துப் பாதையில் திருப்பினேன்.

"அங்கிட்டு இல்லண்ணே. இங்கிட்டு விடுங்க."

இங்கிட்டு என்றால் ஊரணி, ஊர்ப் பொதுக்குளம். கோடை மழையில் தேங்கியது கொஞ்சம் மிச்சம் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. இது தப்பில்லையா என்று லேசாகக் கேட்டேன். லேசாகத்தான்.

"இந்தக் குழிய மூடுனா அடுத்த வருசமும் கடலை கருகும்ணே. அப்புறம் நெலத்தத் தரிசாப் போட்டுட்டு டவுனுல வீடு பாருன்னுருவாரு. நான் இந்த மண்ண விட்டுப் போக மாட்டேன்."

போனை நான்தான் பிடித்தேன். எதிர்க்கரைப் பிள்ளையார் கோயில் தெரியாமல், தண்ணீர் மட்டும் தெரிகிற மாதிரி. அப்படியும் படிக்கட்டு ஓரமாக விழுந்துவிட்டது, ஒரு எருமையும் குறுக்கே நீந்திவிட்டது. யார் மாடு அது என்றார் முருகேசன். தாகத்துக்கு வந்துவிட்டது, விரட்டிவிடுகிறேன் என்றார் சித்ரா. திரையில் முருகேசன் அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நல்ல தண்ணி என்றார்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். பொய் சொன்ன அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்... அது ஒரு நாளும் தனியாக வராது.

மறுவாரமே போன். அவ்வளவு தண்ணீர் கிடக்கிறதே, பேசாமல் நெல் நட்டுவிடுவோமா என்றார். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கத்தான் இத்தனை பாடு! விதை கிடைக்கவில்லை என்று சித்ரா சமாளித்தார். அப்படியானால் மீன் குஞ்சாவது விடு என்றார். விட்டாச்சு என்றார் சித்ரா. சில வாரம் கழித்து அடுத்த குண்டு — மீன் வளர்ந்திருக்குமே, ஒன்றைப் பிடித்துக் காட்டு!

இந்த மீன் இலாகா என்னிடம் வந்தது. அன்றைக்குப் பார்த்து நான் ஒரு கல்யாணத்துக்காகக் கட்டுமாவடி போயிருந்தேன். படகிலிருந்து இறங்கியதில் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி, ஐஸ் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தேன். வாங்கும்போது ருசியை மட்டும்தான் யோசித்தேன். நிறத்தை யோசிக்கவில்லை. வாங்கியது சங்கரா. ரோஜாப் பூ மாதிரி சிவந்த கடல் மீன்.

சித்ரா என்னை முறைத்தார். வேறு வழியில்லை. மீனை ஊரணித் தண்ணீரில் முக்கியெடுத்து, சொட்டச் சொட்டத் தூக்கிக் காட்டினார்.

"ஏன் செவப்பா இருக்கு?"

"செம்மண் தண்ணில்லங்க... அதான்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினேன். குவைத்திலும் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், விவசாயி புதுமைக்கு மாற மாட்டேன் என்கிறார் என்று எங்களைப் போன்றவர்கள் மேடைதோறும் குறைப்பட்டுக்கொள்கிறோம். அவர் மாறிவிடுகிறார். வானத்தோடு கூட ஒரு மாதிரி ஒத்துப்போய்விடுகிறார். வீட்டில் சம்மதம் வாங்குவதற்குத்தான் எந்தப் பயிற்சி முகாமிலும் பாடம் இல்லை. எங்கள் பவர்பாயிண்ட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கவே இல்லை.

கார்த்திகையில் ஒரு ராத்திரி பிடித்த மழை, விட்டு விட்டு மறுநாள் ராத்திரி வரைக்கும் கொட்டியது. விடிந்து போய்ப் பார்த்தால் குட்டை கரை தட்டி நிற்கிறது! காப்பி நிறத்தில் அத்தனை தண்ணீர். சித்ரா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. எனக்கும்தான், சொல்வதற்கென்ன. உடனே குவைத்துக்குப் போன் போட்டு, முதல் தடவையாக நிஜக் குட்டையைக் காட்டினார்.

முருகேசன் உற்றுப் பார்த்தார். "இது யாரு குட்டை? நம்ம குட்டையில படிக்கட்டு இருந்துச்சே."

சித்ரா கரை தட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முங்கிப் போச்சுங்க."

அந்த ஈரத்தில் கடலை விதைத்தார். வழக்கம்போல அதற்குப் பிறகு மழை எட்டிப் பார்க்கவில்லை. மாசியில் காய் பிடிக்கிற நேரம் மண் வெடிக்க ஆரம்பித்ததும், குட்டையில் மோட்டாரை இறக்கிப் பாய்ச்சினார். அதே சமயத்தில் முருகேசனும் லீவில் வந்து சேர்ந்தார். என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். போகலாமா, காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டுப் போனேன்.

குட்டைக் கரையில் உட்கார்ந்திருந்தார். கடலைச் செடி பச்சைப் பசேலென்று நின்றது. பக்கத்தில் உட்காரச் சொல்லி, தாடையிலிருந்த ஒரு தழும்பைக் காட்டினார்.

"ஊரணிப் படியில வழுக்கி விழுந்தது. நீச்சல் பழகுனதே அங்கதாண்ணே. எனக்கா அந்தத் தண்ணி தெரியாது?"

அப்படியானால் அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கல்யாணமானதுலருந்து அவ எங்கிட்டப் பொய் சொன்னதே இல்லண்ணே. இந்தக் குழிக்காகச் சொல்றா. அப்ப அது மேல எம்புட்டு ஆசையிருக்கணும்? அன்னைக்கே ஜேசிபிக்காரனுக்குப் போன் போட்டு, வேணாம்டான்னுட்டேன்."

அன்றைக்கேவா! அப்புறம் எதற்கு நெல், எதற்கு மீன், எதற்கு எங்கள் உயிரை வாங்கினீர்கள்?

முருகேசன் தலையைச் சொறிந்தார். அங்கே வேலை முடிந்து ரூமுக்கு வந்தால் வேறு பொழுதுபோக்கு இல்லையாம். இன்றைக்கு சித்ரா என்ன சொல்வார் என்று கேட்பதற்கு ரூமில் இருந்த அத்தனை பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்களாம். செம்மண் என்று சொன்ன அன்றைக்கு ஒருவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டதாம்.

வீட்டுக்குள்ளிருந்து சித்ரா கூப்பிட்டார். இலை போட்டு, சோறு வைத்து, குழம்பை ஊற்றினார். முருகேசன் தன் கையாலேயே ஒரு பெரிய துண்டை எடுத்து என் இலையில் வைத்தார். காலையிலேயே கட்டுமாவடி போய் வந்திருக்கிறார் என்பது பார்த்ததும் தெரிந்தது. சங்கரா.

"நம்ம குட்டையில பிடிச்சதுண்ணே. செம்மண் தண்ணியில்ல, அதான் செவப்பு. நல்லாச் சாப்பிடுங்க."

முள் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.