இரண்டாவது திரிக்கு நடந்த உலகப் போர்

எனக்கு எழுபத்து நாலு வயசு. பெற்றது ஐந்து. செத்துப்போன தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டு. ஆக, ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஏழு பேருக்கும் ஒரே சட்டிச் சோறு. யாருக்கு முதலில் போடுவது என்று என் வீட்டில் ஒரு நாளும் பஞ்சாயத்து வந்ததில்லை. யார் முதலில் கை கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறார்களோ, அவர்களுக்கு முதல் கரண்டி. விஷயம் முடிந்தது.

மீசை நரைத்த ஆம்பளைகளுக்கு இந்த அறிவு ஏன் இல்லை? இந்த வாரம் அதைத்தான் கேட்கப்போகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட கேட்டில் இரண்டு பேனர் ஏறியிருக்கிறது. பசறையிலிருந்து மடுல்சீமை பஸ்ஸில் வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கம் தோட்டத்தின் மேல்பிரிவுத் தலைவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். அந்தப் பக்கம் கீழ்ப்பிரிவுத் தலைவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். இருவரும் ஆளுக்கொரு தொழிற்சங்கம். பேனர்களில் மட்டும் ஒரே வாசகம் — 'உயர்தர வகுப்பைப் போராடிப் பெற்றுத் தந்த தலைவருக்கு நன்றி.'

போராடினார்களாம்.

ஆமாம், போராடினார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. எதற்குப் போராடினார்கள் என்பதைக் கேளுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓ.எல்., அதாவது பதினோராம் வகுப்பு வரைக்கும்தான் இருந்தது. அதற்கு மேலே படிக்க வேண்டுமென்றால் விடியாத நேரத்தில் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். மழை பெய்து ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. ஆம்பளைப் பிள்ளைகள் படியில் தொங்கிக்கொண்டாவது போய்விடுவார்கள். பொம்பளைப் பிள்ளைகள் ஓ.எல்.லோடு நின்று கொழுந்துக் கூடையைப் பிடிப்பார்கள், இல்லையென்றால் துணிக்கடை.

நான் சொல்லச் சொல்ல இந்தப் பத்தியை எழுதுகிறாளே என் பேத்தி தர்ஷினி, அவளும் அந்த வரிசையில்தான் நின்றாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். என் படிப்பு அவ்வளவுதான். அவளுக்கோ சரித்திரம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பில் சரித்திரமும் அரசியலும் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அவளுடைய அப்பன் என் மூன்றாவது மகன். அவன் ஒரே பேச்சில் முடித்துவிட்டான்.

"இங்கயே ஏ.எல். வந்தா படிக்கட்டும். வரலேன்னா பதுளையில ஒரு துணிக்கடையில பேசி வச்சிருக்கேன். தங்க எடமும் குடுக்குறாங்க. அந்த பஸ்ஸுல தெனமும் நான் அனுப்ப மாட்டேம்மா."

"துணி மடிக்க எதுலடா போவா? பறந்தா?"

"அது மாசத்துக்கு ஒருக்காம்மா."

படிக்கப் போனால் ஆகாத பஸ், துணி மடிக்கப் போனால் ஆகிவிடும். எவ்வளவு நல்ல பஸ் பாருங்கள்...

அந்த நாட்களில் வீட்டில் இவள் சத்தம் போட்டுப் பாடம் படிப்பாள். முதலாம் உலகப் போர். நானும் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். உலகப் போர் என்றால் ஏதோ பெரிய பெரிய மூளைக்காரர்கள் கூடி யோசித்துச் செய்த காரியம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். கேட்டால், ஒரு இளவரசனையும் அவன் பெண்டாட்டியையும் எவனோ ஒரு பையன் சுட்டுவிட்டான். அதற்காக ஒரு பெரிய நாடு ஒரு சின்ன நாட்டை அடிக்கக் கிளம்பியது. சின்ன நாட்டுக்கு இன்னொரு பெரிய நாடு துணை. அடிக்கக் கிளம்பியவனுக்கு வேறொருத்தன் துணை. அந்தத் துணைக்கு ஆகாதவன் ஒருத்தன், அவனுக்குத் துணை நம்மை ஆண்ட வெள்ளைக்காரன்...

"போதும்டி" என்றேன். "இதுக்கா புத்தகம் அடிச்சிருக்காங்க? நம்ம லயத்து வீட்டு வரிசைக் குழாயடியில வந்து நின்னா வாரா வாரம் பாக்கலாமே."

"குழாயடியில லட்சக் கணக்குல சாவல அப்பாயி" என்றாள்.

அதுவும் சரிதான். எங்கள் ஆட்களிடம் பீரங்கி இல்லை. அது கடவுள் செய்த நல்ல காரியம்.

இந்த நேரத்தில்தான் சரித்திர டீச்சர் ஒரு வேலை செய்தார். பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். சின்ன வயசு. கல்வி ஆபீசில் பேசி, உயர்தர வகுப்பு கொடுக்க இந்தப் பள்ளிக்கூடம் தகுதியா என்று பார்க்க ஒரு அதிகாரியை வரச் சம்மதிக்க வைத்துவிட்டார். அவர் வருகிற அன்றைக்குப் பிள்ளைகளின் சரித்திரக் கண்காட்சி. அதிகாரிக்குப் பிடித்துப்போனால் வகுப்பு. பிடிக்காவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்குத் துணிக்கடை. இவ்வளவுதான் கணக்கு.

அன்றைக்கு அதிகாரி நேரத்துக்கே வந்தார். மாலை போட்டார்கள், தப்பு அடித்தார்கள். வாசலில் குத்துவிளக்கு. அதில் ஐந்து திரி.

முதல் திரி அதிகாரிக்கு. அதில் யாருக்கும் சண்டை இல்லை. அவர் ஏற்றினார். மெழுகுதிரியை அடுத்த ஆளிடம் நீட்டினார்.

இரண்டு கை நீண்டது.

மேல்பிரிவுத் தலைவர் சொன்னார், "பள்ளிக்கூடம் எங்க பிரிவு எல்லையில இருக்கு."

கீழ்ப்பிரிவுத் தலைவர் சொன்னார், "புள்ளைங்க பாதிக்கு மேல எங்க பிரிவு."

"மொதல்ல கூரை போட்டது யாரு?"

"கூரை ஒழுகுதுன்னு எழுதிக் குடுத்தது யாரு?"

கோயில் கமிட்டிக்காரர்கள் கீழ்ப்பிரிவுத் தலைவர் பக்கம் போய் நின்றார்கள். அதைப் பார்த்து விளையாட்டுக் கழகத்துப் பையன்கள் மேல்பிரிவுத் தலைவர் பக்கம் போனார்கள். தப்பு அடித்தவர்கள் கீழ்ப்பிரிவு. அவர்கள் தப்பைத் தரையில் வைத்துவிட்டார்கள். ஒலிபெருக்கிக்காரன் மேல்பிரிவு. அவன் வயரைப் பிடுங்கிவிட்டான். எவனைக் கேட்டாலும், 'எங்க ஆள விட்டுக் குடுக்க முடியுமா?' என்கிறான். எனக்கு அப்போதுதான் அடுப்படியில் கேட்ட பாடம் முழுசாகப் புரிந்தது.

இதற்குள் ஒரு காற்று அடித்து முதல் திரியும் அணைந்துபோனது. ஒருத்தனும் கவனிக்கவில்லை. இரண்டாவது திரிக்குச் சண்டை போடுகிறவனுக்கு முதல் திரி எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன?

மலையிலிருந்து மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி மேலே பார்க்கிறார், கைக் கடிகாரத்தைப் பார்க்கிறார். மழை பிடித்தால் அவருடைய வேன் எங்கள் ரோட்டில் இறங்காது. அவர் போய்விட்டால் பிள்ளைகளின் கதி?

கூட்டத்தின் நடுவில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறவன் யார் என்று எட்டிப் பார்த்தேன். என் மூன்றாவது மகன்.

சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"ஏண்டா, நீ எதுக்குடா கத்துற?"

"நம்ம தலைவருக்கு அவமானம்மா."

"உள்ள உன் மக காலையில இருந்து நிக்கிறா."

"அதும்மா... இப்ப அதுவா முக்கியம்?"

நாற்பத்தேழு வயசு. நான்தான் பெற்றேன். யாரை நொந்துகொள்வது?

டீச்சர் கெட்டிக்காரி. இவர்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதிகாரியைக் கூட்டிக்கொண்டு பின்பக்கக் கதவால் உள்ளே போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

தர்ஷினி பெஞ்சின் மேல் ஒரு கொழுந்துச் சாக்கை விரித்து, அதில் ஐரோப்பா படம் வரைந்திருந்தாள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தீப்பெட்டி. யார் யாருக்குக் கூட்டாளியோ அவர்களை நூலால் கட்டியிருந்தாள். பெஞ்சு விளிம்பில் இருந்த தீப்பெட்டியைக் காட்டி, "இதத் தள்ளிவிடுங்க சார்" என்றாள். அதிகாரி ஒற்றை விரலால் தட்டினார். அது விழுந்தது. விழுந்தது அடுத்ததை இழுத்தது. அது இன்னொன்றை... கடைசியில் பெஞ்சில் சாக்குதான் மிச்சம்.

அதிகாரி குனிந்து தரையில் கிடந்த ஒரு தீப்பெட்டியை எடுத்தார்.

"இத நிப்பாட்டியிருக்க முடியாதாம்மா?"

"நூல அவுத்துவிட்டிருக்கலாம் சார்."

"பின்ன ஏன் அவுக்கல?"

"கட்டினவங்களுக்கு அவுக்க வெக்கம் சார்."

அந்த நேரம் பார்த்து வாசலில் இருந்து ஒரு சத்தம் — "ரெண்டாவது திரி இல்லேன்னா எங்களுக்கு எந்தத் திரியும் வேணாம்." அதிகாரி கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். இருமினார் என்று டீச்சர் சொல்கிறார். எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

மற்றப் பிள்ளைகள் செய்ததையும் ஒன்று விடாமல் பார்த்தார். கேள்வி கேட்டார். பிளேன்டீ குடித்தார். பின்பக்க வழியாகவே போய் வேனில் ஏறிக்கொண்டார்.

வாசலில் கடைசியில் சமாதானம் ஆகிவிட்டது. இரண்டு தலைவர்களும் ஒரே மெழுகுதிரியை நான்கு கையால் பிடித்து ஏற்றுவது என்று ஏற்பாடு. ஏற்றினார்கள். கை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பிரதம விருந்தினரைத் தேடினார்கள்.

வேன் அந்நேரம் பசறையைத் தாண்டியிருக்கும்.

வகுப்பு கிடைத்துவிட்டது. ஓ.எல். முடிவும் வந்தது, தர்ஷினிக்கு நல்ல பெறுபேறு. துணிக்கடைக்காரருக்கு என் மகனே போன் எடுத்து, "மக படிக்கிறாளுங்க, மன்னிச்சுக்கங்க" என்றான். அந்த அளவுக்கு நல்லவன். ஆனால் மறுநாளே ஏணி வைத்து ஏறி, கீழ்ப்பிரிவுத் தலைவரின் பேனரைக் கட்டியவனும் அவன்தான். அவன் கட்டிய முடிச்சைப் பார்த்துவிட்டு மேல்பிரிவுக்காரர்கள் அதைவிட உயரத்தில் ஒன்றைக் கட்டினார்கள்.

போன கிழமை அடித்த காற்றில் இரண்டும் கிழிந்துவிட்டது. ஒரு தலைவருக்குக் காது இல்லை. இன்னொருத்தருக்குக் கும்பிட்ட கை மட்டும்தான் மிச்சம். பிள்ளைகள் அந்தக் கந்தலை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். மகனிடம் சொன்னேன், "அவுத்துப் போடேண்டா, அசிங்கமா இருக்கு."

"அவங்க மொதல்ல அவுக்கட்டும்மா."

தர்ஷினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் பாடப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு குலுங்கினாள்.

இப்போது அடுத்த விசேஷம். உயர்தர வகுப்புக்குத் திறப்பு விழா வைக்க வேண்டுமாம். ரிப்பனை யார் வெட்டுவது, இரண்டு கத்தரிக்கோல் வாங்கலாமா, வாங்கினால் எது பெரிய கத்தரிக்கோல்... கோயில் மண்டபத்தில் பேச்சுவார்த்தை நடக்கிறது. மூன்று கூட்டம் முடிந்துவிட்டது. பெரிய பெரிய நாடுகளும் இப்படித்தான் உட்கார்ந்து பேசியிருக்கும் என்று நினைக்கிறேன். டீ நன்றாக இருந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

டீச்சர் யாரையும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் மணி அடித்தார். பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள். முதல் பாடம் சரித்திரம்.

திறப்பு விழா இன்னும் நடக்கவில்லை. வகுப்பு நடக்கிறது.

தர்ஷி, எழுதினது போதும்டி. இப்ப முதல்ல இருந்து வாசி. மேல்பிரிவுத் தலைவர் எத்தனை தடவ வர்றாரு, கீழ்ப்பிரிவுத் தலைவர் எத்தனை தடவ வர்றாருன்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டே வாசி. ஒண்ணு கூடிருச்சுன்னா, மூணாவது உலகப் போர் நம்ம வாசல்லதான்.