வால் பார்த்துக் களவு சொன்ன ஹாரூன் பாய்

"வெப்சைட் பேர்ல கடைசிப் புள்ளிக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு மட்டும் காட்டுங்க. களவாணியா, நல்லவனான்னு தொறக்காமலே சொல்லுதேன். இந்தியாவுலயே இதுக்கு என்னை விட்டா ஆளில்ல."

கோவில்பட்டி மாடி அலுவலகம் ஒன்றில் ஹாரூன் பாய் இவ்வாறு பிரகடனம் செய்தபோது மின்விசிறி மட்டும் தலையாட்டியது.

ஆதாரமில்லாத பெருமையன்று. இருபத்திரண்டு வருடம் நாகலாபுரத்து மிளகாய் வற்றலைக் காம்பு பார்த்தே தரம் பிரித்தவர். காம்பு கறுத்திருந்தால் மூட்டையோடு தள்ளிவிடுவார். வற்றல் நெடி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் இந்த வேலைக்கு வந்தார். இணையத்தில் ஏமாந்தவர்களின் புகார்களை முகவரியின் வால்வாரியாகப் பிரித்து, எதையெதை முடக்கலாம் என்று மேலிடத்துக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். பாய் காம்பு சாஸ்திரத்தை அப்படியே இறக்கினார். இந்தியாவின் வாலான 'டாட் இன்' என்றால் எழுந்து நிற்காத குறை. 'டாட் ஷாப்' என்றால் மூட்டையோடு வெளியே.

அந்த வாரம் டாட் ஷாப்பில் முந்நூற்று நாற்பது புகார்கள். எல்லாவற்றுக்குமாக ஒரே வரி எழுதினார்: 'டாட் ஷாப் முழுவதும் முடக்குக.' மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் போகும்; டாட் ஷாப் கடைக்காரர்கள் எல்லாருக்கும் எச்சரிக்கை மெயில் முன்கூட்டியே போய்விட்டது.

காலை பத்துக்கே எட்டயபுரத்திலிருந்து சுகுணா படியேறி வந்துவிட்டார். இணையத்தில் குதிரைவாலி அரிசி விற்பவர்.

"அண்ணாச்சி, இன்னைக்கு அஞ்சு மணிக்கு என் கடையை அடைப்போம்னு மெயில் வந்திருக்கு. பொங்கலுக்கு எண்பது ஆர்டர் கெடக்கு. என் மேல யாரு புகார் குடுத்தா?"

பாய் தேடினார். "யாருமில்ல. ஆனா வால் இருக்கேம்மா!"

"அப்ப எங்க ஊர்ல ஒருத்தன் களவாண்டா ஊரையே ஜெயில்ல போடுவியளோ?"

மேற்பார்வையாளர் ஜீனா கணினியிலிருந்து தலையை நீட்டினார். "பாய், அக்கா கேக்காவல்ல? சொல்லுங்க."

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். முதல் புகாரைத் திறந்தார். சாப்பாட்டுக்கு எழவில்லை, டீயில் ஆடை படிந்தது. ஜீனா இரண்டு முறை, "மொத்தமா அனுப்பிருங்க பாய், யாரு கேக்கப்போறா?" என்றார். பாய் நூற்றுப் பதினேழாவதைத் திறந்தார்.

நாலரைக்கு முடிந்தது. முந்நூற்று நாற்பதில் முந்நூற்று முப்பத்தொன்று மூன்றே ஆட்களின் கைவரிசை. நம்பரைப் போட்டுத் தேடினால், அதே மூவர், அதே போன் நம்பரோடு, டாட் இன்னிலும் ஏழு கடை விரித்திருந்தார்கள்.

பாய் அந்த ஒற்றை வரியை அழித்தார். புகார் வந்த தளங்களின் பெயரை ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏற்றினார். சுகுணாவின் கடை அதில் இல்லை.

சுகுணா பஸ்ஸுக்குக் கிளம்பியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. 'பார்க்கத் தேவையில்லை' என்று தாமே பெயரிட்டு ஒதுக்கிய டாட் இன் புகார்க் கோப்பைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்திருந்தார்.