பிரிவு ஒன்பது

பெங்களூரில் அரசின் சட்ட வரைவுப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். என் பெருமைகளையெல்லாம் ரிடையர்மென்ட் விழாவிலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒரு தவறைப் பற்றி.

1. எம்.எல்.ஏ. கேட்ட வரி

ஸ்ரீராம்புரத்தில் துப்புரவுப் பணியாளர்கள் குடியிருந்த அறுபது வீடுகளை அவர்களுக்கே சொந்தமாக்கும் மசோதா. எழுதியது நான். அதற்காக அலைந்த எம்.எல்.ஏ. என் மேசைக்கே வந்தார்.

"எக்காலத்திலும் எந்த சபையும் இதை ரத்து பண்ணக் கூடாதுன்னு ஒரு கிளாஸ், தனிப் பிரிவா, போடுங்க மேடம்."

"போட்டாலும் நிக்காது சார். இந்த சபை அடுத்த சபையோட கையைக் கட்ட முடியாது. அவங்க அந்த கிளாஸையும் சேர்த்தே எடுத்துடுவாங்க."

"எடுக்கறப்ப பார்த்துக்கலாம். ஜனங்களுக்கு ஒரு தைரியம் வேணும்."

யாருக்கு என்ன கெடுதல் என்று போட்டுவிட்டேன். அதுதான் பிரிவு ஒன்பது.

2. செல்வியின் கேள்வி

தேர்தல் முடிந்து ஆட்சி மாறியது. அந்தச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவும் என் மேசைக்குத்தான் வந்தது. அரை மணியில் எழுதினேன். வழக்கம்போல் சேவிங்ஸ் கிளாஸ் சேர்த்தேன்: ரத்துக்கு முன் பதிவான பத்திரங்கள் செல்லும். எல்லாரும் எப்போதோ பதிந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

மசோதாவைச் சபையில் வைக்கும்வரை அதைப் பற்றி வரைவுப் பிரிவினர் வாயைத் திறக்கக் கூடாது. வைத்த அன்றே, எல்லாரும் பதிந்துவிட்டார்களா என்று பார்க்க ஸ்ரீராம்புரம் போனேன். இருபத்து மூன்று வீட்டார் பத்திரம் பதியவே இல்லை.

"எக்காலத்துக்கும்னு சட்டத்துலயே எழுதிக்கீதே மேடம். இன்னா அவசரம்னு இருந்துட்டோம்" என்றார் செல்வி. அங்கே குடியிருந்த பணியாளர்.

"அதை எழுதினது நான்தாம்மா. அது செல்லாது."

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செல்லாதுன்னு தெரிஞ்சே எழுதினியா?"

"ஆமா."

அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

3. ஒன்பது நாள்

லீவு போட்டேன். ஓட்டெடுப்புக்கு ஒன்பது நாள் இருந்தது. வீடு வீடாக ஆதார், அலாட்மென்ட் லெட்டர் என்று சேர்த்தோம். பதிவு ஆபீஸில், "சர்வர் டவுன், நாளெ பன்னி" என்றார் கிளார்க். நாளைக்கு வரச் சொல்கிறார். நாங்கள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் சர்வர் வந்தது. மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, செல்வி கடைசி நாளில்தான் கைநாட்டு வைத்தார்.

இருபத்தோரு வீடு பதிவானது. இரண்டு வீட்டில் அலாட்மென்ட் பெற்றவர் இறந்துபோயிருந்தார்; கையெழுத்துப் போட வேண்டிய வாரிசுகள் ஊரில் இல்லை. வந்து சேர்வதற்குள் மசோதா நிறைவேறிவிட்டது.

அதன் பிறகு யார் வந்து 'எக்காலத்துக்கும்' கேட்டாலும் நான் எழுதவில்லை. மேலிடத்துக்குப் புகார் போனது, போகட்டும் என்று இருந்தேன். நீங்களும் எழுதாதீர்கள். அந்த இரண்டு குடும்பங்களும் இப்போது வாடகை வீட்டில் இருக்கின்றன.